நீ அழுத நாற்பது விநாடி

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போனை வைத்தேன். வாசலில் காஸ் சிலிண்டர் வந்திருக்கிறது என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நம் தெருவுக்கு யாரும் சிலிண்டர் கொண்டு வருவதில்லை. சந்தோஷத்தில் இருந்ததால் உனக்கு அது தோன்றவில்லை. உன் கம்பெனி காட்டுப்பன்றியை விரட்டும் பெட்டி ஒன்று செய்கிறது என்றாய். ஏதாவது அசைந்தால் கண்டுகொள்ளும் சென்சார், மேலே சோலார் பலகை, உள்ளே நீ அமைத்த சத்தம். முதல் பெட்டிகள் ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே மலையடிவாரத்து மக்காச்சோளக் காடுகளுக்குப் போகின்றன, வெள்ளிக்கிழமை பெங்களூரில் லாரி ஏறுகின்றன என்றாய். அதுவரை நானும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு, "மூலச் சத்தமே உன்னோடதும்மா. கிறிஸ்துமஸுக்கு வந்தப்ப அந்த ஏழாம் நம்பர் ஃப்ளாப்பியில இருந்து எடுத்தேன்ல, அதான்" என்று சொன்னாய். என்ன ஸ்பீக்கர் போட்டிருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். "சின்ன ஹார்ன்தாம்மா. வெயில் மழை தாங்கும்" என்றாய். அதற்குமேல் போனைக் காதில் வைத்திருக்க என்னால் முடியவில்லை.

கிறிஸ்துமஸ் அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். பீரோவின் அடித்தட்டிலிருந்து அந்த ஃப்ளாப்பியை எடுத்து, பழைய சிந்தசைசரில் போட்டுக் கேட்டுவிட்டு, இது என்ன சத்தம், மயிர் கூச்செறிகிறதே என்று அடுப்படிக்கு வந்து கேட்டாய். ஞாபகமில்லை, எப்போதோ போட்டது என்றேன். அது பொய். நான் வாழ்க்கையில் மறக்காமல் வைத்திருக்கும் சத்தம் ஒன்று உண்டென்றால் அதுதான். உன் அப்பா இருந்தவரை இதை யாரிடமும் பேசுவதில்லை என்று எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. அவர் போய் இரண்டு வருடமாகிறது. போனில் சொல்லலாம் என்று இரண்டு முறை எடுத்தேன். நீ நடுவில் ஏதாவது ஆறுதல் சொல்லிவிடுவாய், நான் பாதியிலேயே நிறுத்திவிடுவேன் என்று பயந்து வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது உனக்கு மட்டும் எழுதும் கடிதமல்ல. இன்னொரு பெண்ணும் இதைப் படிக்கப்போகிறாள். அவள் விரும்பினால் ஊரே படிக்கும். அதற்கு நான் சம்மதம் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

நான் கீபோர்டு வாசித்தவள் என்று உனக்குத் தெரியும். என்ன மாதிரி வாசித்தவள் என்று தெரியாது. உனக்கு நினைவு தெரிந்த காலத்தில் நான் வீட்டில் பிள்ளைகளுக்கு ச ரி க ம சொல்லிக்கொடுக்கும் டீச்சராகிவிட்டேன். அதற்கு முன்னால் கோயில் பாடகர் குழுவில் தொடங்கி, இந்த ஜில்லா முழுக்க மேடையேறியவள். வத்தலக்குண்டிலிருந்து பழனி வரை திருவிழா, கல்யாணம் எதுவானாலும் எங்கள் மெல்லிசைக் குழுவில் ஒரே பெண் நான்தான். உன் அப்பா மைக் செட் வைத்திருந்தார். மேடைக்குக் கீழே ஒயர் இழுத்துக்கொண்டிருந்தவரைத்தான் கட்டிக்கொண்டேன். சென்னையில் சினிமாவுக்கு வாசித்த ஒருவர் புதிது வாங்கியபோது அவருடைய பழைய சிந்தசைசர் எங்களுக்குக் கிடைத்தது. அறுபத்தொரு கட்டை. அதில் பாட்டு வாசிப்பதைவிட, இல்லாத சத்தத்தை உண்டாக்குவதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு அலையை எடுப்பேன், ஃபில்டரால் அதன் கூர்மையைச் சீவுவேன். எவ்வளவு மெதுவாக எழ வேண்டும், எழுந்தது எவ்வளவு நேரம் அடங்காமல் நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு குமிழாகத் திருகுவேன். மைக்கில் பிடித்த சத்தத்தைக் கட்டைகளில் பரப்பி, மேலும் கீழுமாக இழுக்கவும் அதில் வசதி இருந்தது. நீ இன்று லேப்டாப்பில் மவுஸால் செய்வதை நான் விரல் நுனியால் செய்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு தவக்காலத்தில் பக்கத்து ஊர்ப் பங்குக் கோயிலில் பாஸ்கா நாடகம் போட்டார்கள். ஆண்டவர் சிலுவையில் உயிர் விடும்போது நிலம் அதிர வேண்டும், அதற்கு ஒரு சத்தம் வேண்டும் என்று கேட்டார்கள். காதுக்குக் கேட்பதற்கு முன்னால் வயிற்றில் தெரியும்படி ஒரு சத்தம் போட்டேன். உன் அப்பா பெரிய பாஸ் பெட்டி நான்கை மேடைக்கு அடியில் வைத்திருந்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். இரண்டு பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். பங்குச் சாமியார் நாடகம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, அடுத்த வருடம் கொஞ்சம் குறைத்துக்கொள்ளம்மா என்றார். நான் தலையாட்டினேன், ஆனால் உள்ளுக்குள் கெக்கலித்தேன். பாட்டு வாசித்தால் கை தட்டுவார்கள். இதற்கு எழுந்து ஓடுகிறார்களே என்று. அந்தச் சந்தோஷத்தை நீயும் அறிந்திருப்பாய். உன் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் அது ஒருநாள் வரும். வரும்போது அதைச் சந்தேகப்படு. பிறருடைய பயம் தன் கைக்குள் இருக்கிறது என்று ஒருவருக்குத் தோன்றினால், அதற்குப் பிறகு அவர் செய்கிற காரியங்களைப் பக்கத்தில் இருந்து யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். என் பக்கத்தில் இருந்தவர் என்னைவிட அதிகமாகப் பெருமைப்பட்டார்.

உனக்கு அப்போது ஆறு வயது. மலையடிவாரத்திலிருந்து வேலுச்சாமி என்ற விவசாயி நம் மைக் செட் கடைக்கு வந்தார். அவருடைய மகள் காதுகுத்துக்கு உன் அப்பாதான் மைக் செட் போட்டிருந்தார், அந்தப் பழக்கம். மூன்று ஏக்கர் மக்காச்சோளத்தில் ஒரு ஏக்கரைப் பன்றி உழுதுபோட்டுவிட்டதாம். "பட்டாசு வெச்சுப் பாத்தாச்சுங்க. ரெண்டு நாள் பயப்படுது. மூணாம் நாள் பட்டாசு வெடிச்சாலும் நின்னு திங்குதுங்க. ஏதாச்சும் புலி, சிறுத்தை சத்தம் கேசட்டுல கெடைக்குங்களா?" என்று கேட்டார். உன் அப்பா என்னைக் காட்டி, கேசட் எதற்கு, இவளே போடுவாள் என்றார். "பாஸ்காவுக்குப் போட்ட மாதிரி ஒன்னு போட்டுக் குடு. பன்னி என்ன, மலையே எந்திரிச்சுப் போயிரும்" என்று சிரித்தார். எனக்கு அதற்குமேல் தூண்டுதல் தேவைப்படவில்லை.

நான்கு நாள் உட்கார்ந்தேன். அடியில் கனமான ஒரு உறுமல். மூச்சு விடுவது போல் அது ஏறி இறங்கும். கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதில் உயிர் இல்லை. சிந்தசைசரில் பிறந்த சத்தத்துக்கு இந்தக் குறை எப்போதும் உண்டு. எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது எதையும் உன்னிடம் கேட்காது. உயிருள்ள ஒன்றின் தொண்டை அதில் வேண்டும் என்று தோன்றியது. நாயைப் பிடித்துப் பார்த்தேன், ஆட்டைப் பிடித்துப் பார்த்தேன், சரிவரவில்லை. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. எப்படி வந்தது என்று இத்தனை வருடமாக என்னையே கேட்டுப்பார்த்துவிட்டேன். குழந்தையின் அழுகையை இரண்டு ஆக்டேவ், அதாவது இரண்டு ஸ்தாயி, கீழே இழுத்தால் அது மிருகத்தின் குரலாகும் என்று எனக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள் மத்தியானம் நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாய். அரைநாள் லீவு. உன்னை என் மடிக்கு எதிரே ஸ்டூலில் உட்கார வைத்து, அந்த உறுமலைப் பதிந்த கேசட்டை வாக்மேனில் போட்டு, ஹெட்போனை உன் காதில் மாட்டினேன். பாட்டு என்றுதான் உன்னிடம் சொன்னேன். மைக்கை முன்னாலேயே தயாராக வைத்திருந்தேன். நீ முதலில் சிரித்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்தாய். என் முகத்தில் பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்திருந்தால் நீ அழுதிருக்க மாட்டாய். நானோ சத்தத்தின் அளவைக் காட்டும் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அழ ஆரம்பித்தாய். எடுக்கச் சொல்லிக் கையை நீட்டினாய். உனக்கு ஹெட்போனைக் கழற்றத் தெரியும், ஆனால் பயத்தில் கை அதற்குப் போகவில்லை, என் பக்கமே நீண்டது. அந்தச் சிந்தசைசர் பெட்டியின் நினைவில் நாற்பது விநாடிதான் பிடிக்கும். நாற்பது விநாடியும் பிடித்து, போதும் என்று பெட்டி தானாக நிற்கும்வரை நான் உன்னைத் தூக்கவில்லை.

இதை முதலில் எழுதிவிட்டேன். இனி வருவது இதைவிடப் பெரியது. ஆனால் அதற்கெல்லாம் கதவு திறந்தது இந்த நாற்பது விநாடியில்தான். அதற்குப் பிறகு ஒரு மாதம், ஜெனரேட்டர் போட்டால் காதைப் பொத்திக்கொள்வாய். ஃபேன் மெதுவாகச் சுற்றினால் அதன் கீழே படுக்க மாட்டாய். டாக்டரிடம் காட்டினோம். காதில் ஒன்றுமில்லை என்றார். ஏன் என்று நான் அவரிடமும் சொல்லவில்லை.

உன் அழுகையைக் கீழே இழுத்து உறுமலோடு சேர்த்தேன். சத்தத்துக்கு உயிர் வந்துவிட்டது. எனக்கே முதுகு கூசியது. ஆனாலும் மேலே கொஞ்சம் கூர்மை போதவில்லை என்று தோன்றி, உன் அழுகையை இழுக்காமல் அப்படியே எடுத்து, மெல்லிசாக மேலே ஒரு அடுக்கு வைத்தேன். பெரிய பெட்டியில் கேட்டால் அடிச்சத்தம் அதை மூடிவிடும். இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது, ஆனால் சத்தத்துக்கு ஒரு முனை கிடைக்கும். மிருகம் பழகிவிடக் கூடாதென்று இடைவெளிகளையும் மாற்றி மாற்றி வைத்தேன். ஒரு முறை நான்கு நிமிடம், ஒரு முறை பதினொன்று, ஒரு முறை இரண்டே நிமிடம். ஒரு மணி நேரத்துக்கு இப்படிச் சிடியில் பதிந்து, முடிந்தால் திரும்ப ஓடும்படி செய்தோம். உன் அப்பா இரண்டு பாஸ் பெட்டிகளைக் கொண்டுபோய் வேலுச்சாமியின் மோட்டார் ரூமில் வைத்துவிட்டு வந்தார். கரண்ட் அங்கேதான் இருந்தது. மோட்டார் ரூமை ஒட்டிக் கிணறு. தரையோடு தரையாக இருந்த பெரிய கிணறு, சுற்றுச்சுவர் கிடையாது. மக்காச்சோளம் வளர்ந்த பிறகு பத்தடி தூரத்தில் நின்றாலும் கிணறு இருப்பது தெரியாது என்று உன் அப்பா வந்து சொன்னார். ஒரு செய்தியாகத்தான் சொன்னார். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன்.

பன்றி வரவில்லை. மூன்று வாரம் ஒரு கதிர் சாயவில்லை என்று வேலுச்சாமி ஒரு மூட்டை முருங்கைக்காய் கொண்டுவந்து இறக்கினார். பொழுது சாயும்போது போட்டுவிட்டு, காலையில் அணைப்பாராம். பிறகு மழை பிடித்தது. மோட்டார் ரூம் ஓடு ஒழுகி இரண்டு பெட்டியும் நனைந்து, உள்ளே ஸ்பீக்கரின் காகிதக் கோன் கிழிந்துவிட்டது. அன்றைக்கு நான் ஒரு கல்யாணக் கச்சேரிக்காகப் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். உன் அப்பா வாசலில் நின்று, "பெட்டி ரெண்டும் போச்சு. குழாய் ஒன்னு சும்மா கெடக்கு, அதக் கட்டி விட்டுரவா?" என்று கேட்டார். நான் நிமிராமலே கட்டுங்கள் என்றேன்.

தம்பி, நீ சவுண்ட் படித்தவன். உனக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை, படிக்கப்போகும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன். கோயில் கொடையில் மரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கருக்கு, நீ ஹார்ன் என்று சொன்னாயே அதற்கு, அடிச்சத்தம் வராது. கனமான சத்தம் எதைக் கொடுத்தாலும் அது விழுங்கிவிடும்; மெல்லிய, மேலான சத்தத்தை மட்டும் எடுத்து அரை மைலுக்கு வீசும். நான் அமைத்த உறுமல் குழாயில் இல்லாமல்போயிற்று. நான் உறுமலுக்குள் மறைத்து வைத்தது மட்டும் வெளியே வந்தது. வேலுச்சாமியின் மோட்டார் ரூம் மேலிருந்து, சோளக்காட்டுக்கு நடுவில், ஒரு குழந்தை அழுதது. நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை, பதினொரு நிமிடத்துக்கு ஒருமுறை. அரை நிமிடம் யோசித்திருந்தால் எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். நான் இஸ்திரியில் இருந்தேன்.

குழாய் கட்டி ஐந்தாறு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை மத்தியானம் வேலுச்சாமி கடைக்குப் போன் செய்தார். நான்தான் எடுத்தேன். சத்தம் முன்னைப்போல் இல்லை, அதனால் வால்யூமைக் கூட்டி வைத்திருக்கிறேன் என்றார். பிறகு ஒரு வேடிக்கை போல, "ஒரு பொம்பளைங்க, பாப்பாத்தின்னு. மார்க்கெட்டுல மூட்டை தெக்கிற வேலை. பொழுதோட பஸ் எறங்கி நம்ம காட்டோரம் நடந்து போகும். காட்டுக்குள்ள கொழந்தை அழுவுது, யாரோ போட்டுட்டுப் போயிட்டாங்கன்னு மூணு நாளா ஊரெல்லாம் சொல்லீட்டுத் திரியுதுங்க. எல்லாரும் சிரிக்கறாங்க" என்றார். நீங்கள் அந்த அம்மாவிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன். அவர் தயங்கினார். மிஷின் வைத்திருப்பது வெளியே தெரிந்தால் பக்கத்துக் காட்டுக்காரர்கள், பன்றியை எங்கள் பக்கம் விரட்டுகிறாயா என்று சண்டைக்கு வருவார்கள் என்றார்.

எனக்கு அந்த விநாடியே விளங்கிவிட்டது. குழாய், மேல் அடுக்கு, உன் குரல், எல்லாம். போனை வைத்துவிட்டு உன் அப்பாவிடம் சொன்னேன். உடனே அணைக்கச் சொல்லலாமா என்றேன். அவர் யோசித்தார். மறுநாளும் அதற்கு மறுநாளும் எங்களுக்கு நிகழ்ச்சி இருந்தது. அணைத்தால் பன்றி இறங்கிவிடும், வேலுச்சாமி நம்மேல் வருத்தப்படுவார், ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் வேறு பெட்டி வைத்துவிட்டு வரலாம் என்றார். நான் சரி என்றேன். மனம் கேட்கவில்லை என்றெல்லாம் உன்னிடம் சொல்ல மாட்டேன். இரண்டு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

சனிக்கிழமை பொழுது சாய பாப்பாத்தி பஸ் இறங்கினாள். கூட இறங்கிய இரண்டு பேரையும் கூப்பிட்டாளாம், உள்ளே போய்ப் பார்த்துவிடலாம் என்று. அவர்கள் பேய் வேலை என்று சொல்லி வேகமாக நடந்துவிட்டார்கள். சாப்பாட்டுத் தூக்குவாளியைப் பாதையோரம் வைத்துவிட்டு அவள் தனியாகச் சோளத்துக்குள் நுழைந்தாள். அழுகை நின்றதும் நின்றிருப்பாள். மறுபடி கேட்டதும் நடந்திருப்பாள். அந்த இடைவெளிகளை வைத்தவள் நான். அது எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கம் கிணறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மிஷினை அணைக்கப் போன வேலுச்சாமிதான் கிணற்றில் சேலையைப் பார்த்தார்.

நாங்கள் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. உன் அப்பா மட்டும் போனார். போலீஸ் வருவதற்கு முன்னால் வேலுச்சாமியே குழாயை அவிழ்த்து, சாக்கில் சுற்றி வைக்கோல் போருக்குள் வைத்திருந்தார். மத்தியானம் உன் அப்பா வீட்டுக்கு வந்து, கை கால் கழுவாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "போன உசுரு வராது. நமக்கு ஒரு புள்ள இருக்கு. வாயத் தொறந்தா ரெண்டு குடும்பம் தெருவுக்கு வரும்" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. நான் சொல்லாமல் இருந்ததுதான் என் பதில். நீ பக்கத்து அறையில் காகிதத்தில் கப்பல் செய்துகொண்டிருந்தாய்.

அதோடு முடியவில்லை. பாப்பாத்திக்கும் அவள் புருஷனுக்கும் முந்தின வாரம் ஏதோ வாக்குவாதம் நடந்திருக்கிறது, எல்லா வீட்டிலும் நடப்பது போல. அவள் விழவில்லை, குதித்துவிட்டாள் என்று ஊர் பேசியது. குழந்தை அழுகிறது என்று அவள் சொன்னதையே, சித்தம் கலங்கியிருந்ததற்குச் சாட்சி என்றார்கள். புருஷனை ஸ்டேஷனில் வைத்து இரண்டு நாள் விசாரித்தார்கள். அவள் அண்ணன்மார் அவனை அடித்தார்கள். அவன் ஊரைவிட்டுத் திருப்பூர் பக்கம் போய்விட்டான். ஒன்பது வயது மகளை மாமன் வீட்டில் வளர்த்தார்கள். இதெல்லாம் வேலுச்சாமி மூலம் எங்கள் காதுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. கேள்விப்படும் ஒவ்வொரு முறையும் வாய் திறக்க ஒரு சந்தர்ப்பம் இருந்தது. நாங்கள் செய்ததெல்லாம் இரண்டு காரியம். உன் அப்பா அந்தப் பக்கத்து ஆர்டர் எதையும் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. நான் மேடையேறுவதை நிறுத்தினேன். அதைத் தண்டனை என்று நினைத்துக்கொண்டோம். அந்தக் குடும்பத்துக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பிறருக்குத் தெரியாமல் உனக்கு நீயே விதித்துக்கொள்ளும் தண்டனையை நம்பாதே தம்பி. பெரும்பாலும் அது சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் தப்பிக்கும் வழி.

ஃப்ளாப்பியை ஏன் எரிக்கவில்லை என்று கேட்பாய். எடுத்து அடுப்படிவரை போயிருக்கிறேன். ஆனால் உன் ஆறு வயதுக் குரல் எங்களிடம் வேறு எதிலும் இல்லை. போட்டோ இருக்கிறது, குரல் இல்லை. ஒரு தாய்க்கு அது பெரிய காரணம் என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கு உன் கம்பெனியின் கணினியில் அது பத்திரமாக இருக்கிறது.

நேற்றுக் காலை ஒட்டன்சத்திரம் பஸ் ஏறி, அங்கிருந்து டவுன் பஸ் மாறி அந்த ஊருக்குப் போனேன். இத்தனை வருடத்தில் முதல் முறை. வேலுச்சாமி நிலத்தை விற்றுவிட்டுப் போய்ப் பல வருடமாகிறது. கிணற்றுக்குச் சுவர் எடுத்திருக்கிறார்கள். நிறுத்தத்தில் இருந்த டீக்கடையில் பாப்பாத்தியின் மகளைப் பற்றிக் கேட்டேன். "கெணத்துல குதிச்சுச்சே, அந்தப் பாப்பாத்தி புள்ளைங்களா?" என்று கேட்டுவிட்டு வழி சொன்னார் கடைக்காரர். இருபத்தொரு வருடத்துக்குப் பிறகும் அந்த ஊரில் அவள் குதித்தவள்தான்.

மகள் பெயர் சரண்யா. வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். ரவிக்கை தைக்க வந்தவள் என்று நினைத்து உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே ஆரம்பித்தேன். உன்னிடம் இப்போது சொன்ன வரிசையிலேயே, வியாழக்கிழமை வந்த போனையும் இஸ்திரியையும் விடாமல், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மெஷினில் இருந்து காலை எடுக்கவேயில்லை. திட்டுவாள், அடிப்பாள், ஆட்களைக் கூப்பிடுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன். தைத்துக்கொண்டிருந்த துணியின் நூலைக் கடித்து அறுத்தாள். பிறகு, "எங்கம்மாவுக்குக் கிறுக்குன்னு சொல்லித்தானுங்க எனக்கு ரெண்டு எடம் தட்டிப்போச்சு" என்றாள். அப்பாவோடு அவள் பேசுவதில்லையாம். அவரால்தான் அம்மா செத்தாள் என்று நினைத்தே வளர்ந்திருக்கிறாள். போன வருடம் அவர் உடம்புக்கு முடியாமல் கிடந்தபோதும் போய்ப் பார்க்கவில்லையாம். அதைச் சொன்னபோதுதான் அவள் குரல் மாறியது. என்னைப் பார்த்து, இதையெல்லாம் எழுதிக் கொடுப்பீர்களா, அம்மா பெயரைப் போட்டு எழுதுவீர்களா என்று கேட்டாள். எழுதுகிறேன் என்றேன். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனாலும் போவேன் என்றாள். கொண்டுபோ என்றேன்.

பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றாள். வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்கு நீ என் போனுக்கு அனுப்பி வைத்தது அப்படியே இருந்தது. போட்டேன். போனின் சிறிய ஸ்பீக்கருக்கு அடிச்சத்தம் எங்கே வரப்போகிறது, உன் அழுகை மட்டும்தான் வந்தது. தெருவில் போன ஒரு அம்மாள் நின்று வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். சரண்யா கண்ணை மூடாமல் கடைசிவரை கேட்டாள். முடிந்ததும், "இது யாரு கொழந்தைங்க?" என்றாள்.

என் மகன் என்றேன்.

"இப்ப நல்லா இருக்கானுங்களா?"

நல்லா இருக்கான் என்றேன்.

"அதத்தானுங்க எங்கம்மா பாக்கப் போச்சு" என்றாள். அதற்குப் பிறகு மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தேன். பாதைக்கு இரண்டு பக்கமும் மக்காச்சோளம் ஆள் உயரம் நிற்கிறது, கதிர் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. பொழுது சாயும் நேரம். மார்க்கெட் வேலை முடிந்து பெண்கள் தூக்குவாளியோடு இறங்கி ஒற்றையடிப் பாதையில் பிரிந்து போனார்கள். இங்கே சுவரில்லாத கிணறு இன்னும் எத்தனை இருக்கிறது என்று உன் கம்பெனியில் யாராவது வந்து பார்த்தார்களா? எங்கள் பெட்டி நேரக் கணக்குப் பார்த்துக் கத்தியது. உன்னுடையது அசைவைப் பார்த்து, ஆள் பக்கத்தில் வந்த பிறகு அழும். பன்றிக்கும் பாதையில் போகிற ஒரு மனுஷிக்கும் உன் சென்சாருக்கு வித்தியாசம் தெரியுமா?

இன்று செவ்வாய்க்கிழமை. இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியைச் சரண்யாவுக்குத் தபாலில் போட்டுவிட்டு, உனக்குப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். இதனால் எனக்கு என்ன வரும் என்று தெரியவில்லை, வரட்டும். நீ என்மேல் கோபப்படலாம். அந்த மத்தியானத்துக்காக நீ என்னோடு பேசாமலே போனாலும் அதில் நியாயம் இருக்கிறது. அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யாதே. முதலில் உன் கம்பெனிக்குச் செய். லாரி கிளம்ப இன்னும் மூன்று நாள் இருக்கிறது. எங்களுக்கு இரண்டு நாள் இருந்தது.

அம்மா